படிக்கத் தெரியாமல் காத்த கல்

என் சொந்த ஊர் ஆலயத்தின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேட்டில், என் கையெழுத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது. ‘ஆலயத்தில் பயனற்றுக் கிடக்கும் பழைய மரச்சாமான்களை விற்று, கிடைக்கும் தொகையைப் புதுப்பிப்புப் பணியில் சேர்த்துக்கொள்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ ஆண்டு 1997. அப்போது நான் பங்குப் பேரவையின் செயலர். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, சொற்பிழையும் இல்லை. ஆனால் ‘பயனற்று’ என்ற அந்த ஒரு சொல் இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. ஆலயமும் சிறியதே. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, வாசலில் ஒற்றை மணி. என் தந்தையார் அங்கே நாற்பது ஆண்டுகள் கோவில்பிள்ளையாகப் பணியாற்றினார். காலை ஐந்து மணிக்கு மூவேளைச் செப மணி அடிப்பதில் தொடங்கும் அவர் நாள், இரவில் நற்கருணைப் பேழையின்முன் எரியும் விளக்குக்கு எண்ணெய் விட்டுக் கதவை இழுத்துச் சாத்துவதோடு முடியும். சனிக்கிழமைகளில் நானும் உடன் செல்வேன். அவர் துடைப்பார், நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். ஆலயத்துப் பொருள்கள் ஒவ்வொன்றையும் நான் அறிந்துகொண்டது அப்படித்தான்.

பீடத்துக்கும் மக்கள் பகுதிக்கும் இடையே முழங்கால் உயரத்தில் நற்கருணைக் கிராதி இருந்தது. அதன் மேற்கட்டை, தலைமுறை தலைமுறையாகக் கைகள் பட்டுப்பட்டு, நடுவில் மட்டும் கண்ணாடிபோல் வழவழத்திருக்கும். இடப்புறச் சுவரோரம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதன் சல்லடைப் பலகையின் துளைகள் ஒரே அளவில் இல்லாமையால், கையால் துளைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தித் தூக்கிவரும் ஆசந்தி, ஆண்டு முழுவதும் சக்கிறீஸ்து அறையின் பரண்மேல் வெள்ளைத்துணி போர்த்துக் கிடக்கும். சிறுவர்களாகிய எங்களுக்கு அந்த அறைக்குள் தனியே போக அச்சம்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பிரசங்கத் தொட்டி. மறையுரை நிகழ்த்தக் குருவானவர் ஏறி நிற்கும் உயர்ந்த மரமேடையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பலா மரத்தால் ஆனது. பீடத்தில் ஒலிபெருக்கி வந்த பிறகு அதில் ஏறுவார் யாருமில்லை. தந்தையார் அதன் படிகளைத் துடைக்கும் வேளையில், நான் அதன் அடியில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். அண்ணாந்து பார்த்தால், மேடையின் அடிப்பலகையில் உளியால் வெட்டிய எழுத்துகள் தெரியும். இரண்டு வரி. புள்ளி இல்லாத பழைய எழுத்து. காலும் கொம்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். உபதேசியார் ஒருமுறை மெழுகுவத்தி பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசிச் சொல் ‘உபயம்’ என்பது மட்டும் தெரிகிறது என்றாராம். யாருடைய உபயம், எந்த நாளில், எந்த வேண்டுதலுக்காக என்பது பிடிபடவில்லை.

“யாரோ ஒருத்தன் தன் பேரை யாரும் பார்க்காத எடத்துல எழுதிட்டுப் போயிருக்கான் பார். ஆண்டவர் பார்த்தா போதும்னு நெனச்சிருப்பான்” என்று தந்தையார் சொல்வார். எழுத்தின் பள்ளங்களில் சேரும் தூசியைப் பழந்துணியால் ஒற்றி எடுப்பார். அழுத்தித் தேய்க்க மாட்டார்.

1997-இல் ஆலயத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தோம். அதில் தவறேதுமில்லை. ஓடுகள் ஒழுகின, மக்கள் தொகை பெருகியிருந்தது, ஊரில் சிலருக்கு வெளியூர் வருவாயும் வந்திருந்தது. பளிங்குத் தரை, கண்ணாடி இழைச் சுரூபங்கள், புதிய இரும்பு நாற்காலிகள் என்று பட்டியல் நீண்டது. பழையவற்றை வைக்க இடமில்லை என்றோம். செங்கல்பட்டிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் மாட்டுவண்டியோடு வந்தார். கிராதி, தொட்டி இரண்டு, ஆசந்தி, நான்கு நீள பெஞ்சுகள் அனைத்துக்குமாக 4,200 ரூபாய். ஒரு பொருளைக்கூடப் படம் பிடித்து வைக்கவில்லை. அளந்தும் பார்க்கவில்லை. அந்த இரண்டு வரிகளையும் ஒரு தாளில் நகலெடுக்கவேண்டும் என்ற எண்ணம், மேடையின் அடியில் படுத்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை.

வண்டி போன பிறகு தந்தையார் வந்தார். முதுமையால் அப்போது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. வெற்றுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த எழுத்தை எங்கனா எழுதி வச்சிக்கினியாப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே அந்த வியாபாரியைத் தேடிப் போனேன். மரம் கைமாறி மூன்று நாள் ஆகியிருந்தது. யார் வாங்கினார் என்று அவருக்கும் தெரியவில்லை. 2004-இல் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பணியின் பொருட்டு நான் சிங்கப்பெருமாள் கோவிலில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இவ்வூர் தன் பெயரையே ஓர் ஆலயத்திடமிருந்து பெற்றது. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்தெடுத்த நரசிம்மர் கோவில் இங்கே சிறு குன்றில் இருக்கிறது. இங்கிருந்து மேற்கே ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை இன்று தொழிற்சாலைகளின் வரிசை. வேலைக்கு வரும் இளைஞர்கள் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்குகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் எனக்கு அருகே நிற்பவர் யார் என்று பல வேளைகளில் எனக்குத் தெரிவதில்லை. எல்லாரும் ஓர் ஊரை விட்டு வந்தவர்கள். எல்லாரும் ஓர் ஆலயத்தை விட்டு வந்தவர்கள்.

மனம் கனக்கும் நாள்களில் நான் மின்தொடர் வண்டியேறிப் பரங்கிமலைக்குப் போவதுண்டு. மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, தாம்பரம், பல்லாவரம் என்று ஒரே தடத்தில் செல்லும் வண்டி, புனித தோமையார் மலையின் அருகில் இறக்கிவிடும். 2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இம்மலையும் நம் மறைமாவட்டத்தின் பங்காயிற்று. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986-ஆம் ஆண்டு பெப்ருவரியில் இம்மலைக்கு வந்து செபித்ததை நம்மில் பலர் நேரில் கண்டிருப்போம்.

அடிவாரத்து வளைவின்மேல் நிற்கும் சிலுவையில் 1547 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடந்தால் படிகள். படிகளின் ஓரமாகச் சிலுவைப்பாதை நிலைகள். இப்படிகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தை 1726-இல் தம் செலவில் கட்டியவரும் அவரே. அந்தப் பாலம் இன்றில்லை. அதன் இடத்தில் மறைமலையடிகள் பெயர்தாங்கிய பாலம் நிற்கிறது. ஆனால் படிகளில் மக்கள் இன்னமும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஏறுபவர்களில் உஸ்கானின் பெயர் அறிந்தவர் மிகச் சிலரே. அவருடைய உபயத்தின்மேல்தான் நாம் மூச்சுவாங்கி நின்று இளைப்பாறுகிறோம்.

உச்சியில் உள்ள ஆலயம் பெரிதன்று. 1523-இல் போர்த்துக்கீசியர் இங்கு ஆலயம் எழுப்பினர் என்பது வரலாறு. அது எதிர்நோக்கின் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திசம்பர் 18 அவ்வன்னையின் விழா. சுவர்களில் திருத்தூதர்களின் பழைய எண்ணெய் ஓவியங்கள். பலகையில் தீட்டிய மரியன்னையின் சிறு ஓவியம் ஒன்றும் இங்குண்டு. அதனைப் புனித லூக்காவே வரைந்தார், தோமையார் கையோடு கொணர்ந்தார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. ஆனால் என் கால்கள் என்னை நேரே இட்டுச் செல்வது பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதிந்திருக்கும் கற்சிலுவையிடம்தான்.

அதை ஒருமுறையேனும் நிதானமாக நின்று பாருங்கள். இருபுறமும் தூண்கள். தூண்களின் உச்சியில் மகரங்கள். அவற்றின் வாயிலிருந்து எழுந்து கூடும் ஒரு வளைவு. அவ்வளைவின் நடுவே, நான்கு முனைகளும் மொட்டு அவிழ்வதுபோல் விரிந்த சிலுவை. அதன் தலைமேல் புறா வடிவில் தூய ஆவி இறங்குகிறார். சிலுவையின் அடியில் இதழ்கள் இருபுறமும் விரிகின்றன. மகரதோரணம் நம் நாட்டுச் சிற்பிகளின் கைக்குப் பழகிய வடிவம். தளவானூரில் பல்லவ மன்னன் மகேந்திரன் குடைவித்த கோவிலின் முகப்பிலும் அதைக் காணலாம். நம் மண்ணின் அணிகலன் பூண்டு நிற்கும் இச்சிலுவையின் வளைவைச் சுற்றி ஓடும் எழுத்து மட்டும் நம் நாட்டு எழுத்தன்று.

இந்தக் கல் கிடைத்த வரலாறுதான் என்னைத் திரும்பத் திரும்ப இங்கே அழைத்து வருகிறது. 1547-ஆம் ஆண்டு மலையுச்சியில் கட்டடப் பணிக்காக அடித்தளம் தோண்டினார்கள். மண்ணுக்குள் பழைய இடிபாடுகளிடையே இந்தக் கல் தட்டுப்பட்டது. தோண்டியவர்கள் பெயர் எவர்க்கும் தெரியாது. எங்கோ கூலிக்கு மண் வெட்ட வந்தவர்களாக இருக்கலாம். அடித்தளத்துக்குக் கல் தேவைப்படும் நேரம் அது. வெளிவந்ததோ நல்ல தட்டையான கல். எழுத்துப் புரியாத பழங்கல்லைப் புதிய அடித்தளத்தில் கவிழ்த்துப் போட்டு மேலே சுவர் எழுப்புவது நம் நாட்டில் எத்தனை இடங்களில் நடந்திருக்கிறது! இங்கே அது நடக்கவில்லை. கல்லைக் கழுவினார்கள். மேலே கொண்டுவந்தார்கள். ஆலயத்தின் மிக உயர்ந்த இடமாகிய பீடத்தின் சுவரிலேயே பதித்தார்கள்.

என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. படித்துச் சொல்லப் பண்டிதர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் தோமையாரின் வரலாற்றையே அந்தச் சிறு வரியில் விரிவாகப் படித்துக் காட்டினார் என்று போர்த்துக்கீசியர் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் விரும்பியதை அவர் சொன்னார் போலும். 1558-ஆம் ஆண்டு திசம்பர் 18 அன்று, திருப்பலி நேரத்தில் இக்கல் குருதி வியர்த்ததென்றும், 1704 வரை பலமுறை அவ்வாறு நிகழ்ந்ததென்றும் மரபு கூறுகிறது. மக்கள் அதன்முன் முழந்தாளிட்டார்கள். துணியால் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். எழுத்து மட்டும் மௌனமாகவே இருந்தது.

அம்மௌனம் கலைய 1873 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்த ஆங்கிலேய அதிகாரி பர்னல், இது பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து என்று அவ்வாண்டு வெளியிட்டார். இதே வாசகம் பொறித்த சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளி முதலிய ஆலயங்களிலும் இருக்கின்றன. பர்னல் இதைக் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய விசுவாச அறிக்கையாகக் கொண்டார். பின்னர் வந்த வின்க்வொர்த் என்ற அறிஞர் வேறுவிதமாகப் படித்தார். அவர் கருத்துப்படி இது ஒரு தனி மனிதனின் மன்றாட்டு. சகர்புக்து என்பவரின் மகனும் சிரியனுமாகிய அஃப்ராசு என்பவன், இதனைச் செதுக்கிய தன்மேல் இரங்குமாறு ஆண்டவர் கிறிஸ்துவை வேண்டுகிறான். அறிஞர்கள் இன்றும் இதில் ஒருமித்துவிடவில்லை. கல்லின் காலத்தைப் பெரும்பாலோர் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே வைக்கின்றனர்.

வின்க்வொர்த்தின் கருத்தை முதன்முதலாக அறிந்த நாளில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடல் கடந்து வந்த ஒரு பாரசீகக் கிறிஸ்தவன் தன் பெயரைக் கல்லில் வைத்து இரக்கம் கேட்டிருக்கக்கூடும். அவன் விண்ணப்பம் மண்ணுக்குள் புதைந்து, மேலே வந்து, 326 ஆண்டுகள் யாராலும் படிக்கப்படாமல் பீடத்தில் இருந்து, ஒருநாள் மனிதர் காதிலும் விழுந்தது. என் ஊரில் எவனோ ஒரு தமிழன் பலாப்பலகையின் அடியில் தன் பெயரை வெட்டினான். அவனுடைய இரண்டு வரியை நான் 4,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

அன்பு வாசகரே, இங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. பரங்கிமலையின் கல்லைக் காத்தவர்கள் அதைப் புரிந்துகொண்டு காத்தவர்கள் அல்லர். அவர்கள் கேட்ட விளக்கம் தவறானது. ஆயினும் கல் இருந்ததால்தான் தவறான விளக்கத்தைப் பின்வந்தோர் திருத்த முடிந்தது. அவர்கள் விளக்கத்தைக் காத்துக் கல்லை விட்டிருந்தால், நமக்கு இன்று ஒரு கட்டுக்கதை மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரு பொருளின் பொருளை உணரும் அறிவு ஒரு தலைமுறைக்கு வாய்க்காமல் போகலாம். அதை அடுத்த தலைமுறையிடம் சேதமின்றிக் கொடுக்கும் கடமை எல்லாத் தலைமுறைக்கும் உண்டு. ‘பயனற்று’ என்று நான் எழுதியபோது, என் காலத்துக்குப் பயன்படாததை எக்காலத்துக்கும் பயன்படாதது என்று தீர்த்துவிட்டேன். அதுவே என் பிழை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் பழையவற்றை அகற்றச் சொல்லிற்று என்று அன்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிற்பாடுதான் நான் சங்க ஏடுகளை எடுத்துப் படித்தேன். 1963-இல் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 126-ஆம் எண், திருப்பொருள்களும் விலைமதிப்பற்ற கலைப்பொருள்களும் விற்கப்படாமலும் சிதறிப்போகாமலும் ஆயர்கள் கருத்தாய்க் காக்கவேண்டும் என்றே பணிக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பழமையாலோ கலைநயத்தாலோ மக்களின் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற படங்களையும் சுரூபங்களையும், ஆயரின் எழுத்துமூலமான அனுமதியின்றிச் செப்பனிடவும் கூடாது. அவரும் வல்லுநரைக் கலந்தே அனுமதி தரவேண்டும் என்கிறது 1189-ஆம் சட்டம். ஆலயச் சொத்துகளை நிர்வகிப்போர் பொறுப்பேற்குமுன், அசையாச் சொத்துகளோடு, விலையுயர்ந்தனவும் பண்பாட்டு மதிப்புடையனவுமான அசையும் பொருள்களையும் விவரத்தோடு பட்டியலிட வேண்டும். ஒரு படி நிர்வாகத்தின் ஏட்டறையிலும் மறுபடி மறைமாவட்ட அலுவலகத்திலும் இருக்கவேண்டும் என்பது 1283-ஆம் சட்டம். கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புற்ற பொருளைக் கைமாற்றத் திருப்பீடத்தின் அனுமதியே வேண்டும் என்கிறது 1292-ஆம் சட்டம்.

இவற்றை நான் யாரையும் குறைகூற எழுதவில்லை. அன்றைய பங்குத்தந்தை நல்லவர்; எங்களை நம்பினார். மரத்தடியில் படுத்து எழுத்தைப் பார்த்தவன் நான். ‘இதை மட்டும் வைத்துக்கொள்வோம், சாமி’ என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். சட்டத்துக்கு முந்தியது நினைவு. நினைவுள்ளவன் வாய் திறக்கவேண்டும்.

தொழிற்சாலைகள் பெருகும் இப்பகுதியில் இது இன்று அவசரமாகிறது. சாலைகள் அகலமாகின்றன, நிலத்தின் விலை ஏறுகிறது. பழைய சிற்றாலயங்கள் போதாமல் பெரிய ஆலயங்கள் எழுகின்றன. எழவேண்டியதுதான். நேற்று வந்த இளைஞனுக்கும் நிழல் வேண்டுமே! ஆனால் அவன் வந்து நிற்கும் ஆலயத்தில், தனக்கு முன்னே இங்கு ஒரு கூட்டம் செபித்தது என்று சொல்ல ஒரு பொருளாவது இருந்தால், ஊரைவிட்டு வந்த அவனுக்கு அது ஓர் ஆறுதல். வழவழத்த கிராதியின் ஒரு சாண் துண்டு போதும். தழும்பேறிய பழைய மணி போதும்.

சென்ற தவக்காலத்தில் என் ஊருக்குப் போனேன். பங்குத்தந்தையின் அனுமதியோடு, என் மகளையும் அழைத்துக்கொண்டு, எஞ்சியுள்ளவற்றுக்குப் பட்டியல் எடுத்தோம். அவள் அளந்தாள், நான் எழுதினேன். மணி ஒன்று. வெண்கல மெழுகுவத்தித் தண்டுகள் ஆறு. அவற்றில் ஒன்று வளைந்தது. கையால் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடுகள். கறையான் அரித்தவை இரண்டு. பரணில் ஆசந்தியின் கால் ஒன்று. வியாபாரியின் வண்டிக்குத் தப்பிய அந்த ஒற்றைக் கால் எப்படியோ துணிக்குள் தங்கியிருக்கிறது. ஒவ்வொன்றையும் படம் பிடித்தோம். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப் பங்குத்தந்தையிடம் கொடுத்தோம்.

பட்டியல் முடிந்ததும், “அப்பா, முதல் வரியை ஏன் காலியா விட்டிருக்கீங்க?” என்று மகள் கேட்டாள்.

நான் பேனாவை வாங்கி அதை நிரப்பினேன். ‘பிரசங்கத் தொட்டி, 1. பலா மரம். 1997-இல் விற்கப்பட்டது. அடிப்பலகையில் இரண்டு வரி எழுத்து. கடைசிச் சொல்: உபயம். மற்றவை படிக்கப்படவில்லை.’

பிறகு இருவரும் அந்த வெற்றுச் சுவரருகே முழந்தாளிட்டோம். பெயர் தெரியாத அந்த மனிதருக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொன்னோம். அவர் பெயரை ஆண்டவர் அறிவார். என் தந்தையாரின் கேள்விக்கு என்னால் தர முடிந்த பதில் அவ்வளவே.